மூன்று மில்லிமீட்டர்

பதினோரு வருஷம்
ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனைக் கீழே தள்ளினேன்.
ஏணி ஏகாம்பரம். ஒட்டடைக்குச்சி உடம்பு,
ஒரே சட்டை, அதில் எப்போதும் ஒரு பித்தான் குறையும்.
முதல் கட்டத்தில் ஏறுவான்.
இரண்டாம் கட்டத்தில் கை நீட்டுவான்,
குழல்விளக்குக்கோ, கம்பியில் சிக்கிய பட்டத்துக்கோ.
மூன்றாம் கட்டத்தில் தரையில் கிடப்பான்,
தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம்.
நான்காவதில் யாராவது ஏதாவது சொல்வார்கள்.
அவ்வளவுதான். நாற்பத்தைந்து ரிங்கிட்.

விழுவதை நான் வரைந்ததே இல்லை.
சத்தியமாக, வரையத் தெரியாது.
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
மூன்று மில்லிமீட்டர் வெள்ளை விடுவேன்.
அதற்குள் அவனே விழுந்துகொள்வான்.

பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.
பதிமூன்று வாரம், வாரம் அரைமணி.
"அக்கா, அவரு குரல் எப்படி இருக்கும்?"
என்றார் இயக்குநர் புவனேந்திரன்.
யோசித்ததில்லை.
"கல்யாணம் ஆனவரா?"
யோசித்ததில்லை.
"வாரா வாரம் ஏன் ஏறுறாரு?
ஒரு காரணம் வேணும்லா."
சின்ன வயதில் அப்பா ஓடிப்போனதாக
அவர்களே எழுதிக்கொண்டார்கள்.
ஏகாம்பரத்துக்கு ஓர் அப்பா உண்டென்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

லெபோ பசாரில் படப்பிடிப்பு,
கடைகள் கதவு தூக்குவதற்கு முன்.
அஞ்சடி ஓரம் மெத்தை போட்டார்கள்.
ஆ செங் ஏணிக்கு மஞ்சள் அடித்து வந்திருந்தான்.
ஏழு படி, உங்கள் படத்தில் எண்ணினேன் என்றான் மலாயில்.
நான் எண்ணியதில்லை.

நடிகருக்கு முகம் மட்டும்தான் வேலை.
விழ வேறு ஆள்.
லோகபாலன், பட்டர்வொர்த், நாற்பத்தொன்று,
என் கோட்டைவிடக் கொஞ்சம் தொப்பை.
அதே சட்டை. பித்தானைக் கத்தரித்தது நான்தான்.
முதல் தடவை விழுந்தார். சிரிப்பு வரவில்லை என்றார்கள்.
இரண்டாம் தடவை புறா குறுக்கே வந்தது.
மூன்றாம் தடவை, ஐயோ, என்ன அழகு,
கேமராவில் கார்டு நிறைந்திருந்தது.
நான்காம் தடவை
மெத்தை முடிந்து சாக்கடைக் கல் தொடங்கும் இடத்தில் கை.

'தடால்' என்று ஐந்நூறு முறை எழுதியிருப்பேன்.
தடால் இல்லை அது.
ஈரச் சுள்ளியைத் துணியில் சுற்றி
யாரோ மெதுவாக ஒடிக்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன், ஒரு கையால் எப்படி உரிப்பார்
என்று லிஃப்டில்தான் உறைத்தது.
உரித்துக் கொடுத்தேன்.
மாவுக்கட்டை நீட்டி, வரைங்க என்றார்.
ஒரு கட்டம் போட்டேன். இன்னொன்று.
அப்புறம் பேனா நின்றுவிட்டது.
கட்டு முழுக்க வெள்ளை. எவ்வளவு விடுவது?

"இந்த எடத்துல என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"
தெரியாது.
"மொதல்ல காது அடைக்கும்.
அப்புறம் எதிர்க் கடை போர்டு தலைகீழா வரும்.
படிக்க நேரம் இருக்கும், நம்ப மாட்டீங்க.
மூணு தடவை படிக்கல. நாலாவதுல படிச்சேன்.
'கடன் கேட்டு மேலே ஏறாதீர்'ன்னு இருந்துச்சு.
சிரிச்சிட்டேன்.
சிரிச்சதுலதான் கை மாறிப்போச்சு."

ஒளிபரப்பில் அந்த விழுதல் இல்லை.
நீட்டிய கை, சட்டென்று தரை.
நடுவே வெட்டிவிட்டார்கள்.
இப்படித்தான் சிரிப்பு வருகிறது என்றாராம் எடிட்டர்.
லோகபாலன் போன் செய்தார்.
"பாத்தீங்களா? அந்த வெட்டுல இருக்கேன் நான்."
பின்னால் அவர் வீட்டில் யாரோ
மறுபடி போடு, மறுபடி போடு என்று கத்தினார்கள்.

அடுத்த ஞாயிறு
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஐந்து மில்லிமீட்டர் விட்டேன்.
பக்கம் கட்டும் பையன் அழைத்தான்.
"அக்கா, கோடு தள்ளிப் போட்டுட்டீங்க. இழுத்து ஒட்டிடவா?"
வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.
அவருக்குக் கொஞ்சம் தொப்பை.